அந்த இடத்துல அரிப்பு, சிவப்புப் புள்ளி: மெடிக்கலா, நாட்டு மருந்தா, ஜிஹெச்சா, தோல் டாக்டரா?

தேனி மாவட்டம் கம்பத்துல மருந்துக்கடைகள்ல பன்னெண்டு வருஷமா நிக்கிறேன். விடியறதுக்கு முன்னாடியே கேரளா ஏலக்காட்டுக்கு ஆளு ஏத்திக்கிட்டு ஜீப்பெல்லாம் குமுளிப் பக்கமும் கம்பம்மெட்டுப் பக்கமும் ஏறிரும், சாயங்காலம் அதே ஜீப்புல இறங்குறவங்க வீட்டுக்குப் போற வழியில கடைக்கு வருவாங்க. தலைவலி மாத்திரை கேக்குறவங்க சத்தமா கேப்பாங்க. வேற சிலர் ஓரமா நின்னு ஷாம்பு பாக்கெட்டையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, மத்த ஆளுக போன பிறகு கிட்ட வந்து "அண்ணே, தொடை இடுக்குல ஒரே ஊறலா இருக்கு, சிவப்பா புள்ளி புள்ளியா வந்துருக்கு, நல்ல கிரீம் ஒண்ணு குடுங்க"ம்பாங்க. பொம்பளைங்கன்னா அதுவும் சொல்ல மாட்டாங்க, சின்னப் பேப்பர்ல எழுதிக் கொண்டு வருவாங்க, இல்லைன்னா புள்ளைய அனுப்புவாங்க.

எல்லாரும் முடிக்கிறது ஒரே கேள்வியிலதான். இதுக்கு மெடிக்கல்லயே வாங்கிப் போட்டா போதுமா, இல்ல வேப்பிலை மஞ்சள் போதுமா, ஜிஹெச்சுக்குப் போகணுமா, காசு போனாலும் தோல் டாக்டர்ட்டயே போயிரலாமா? கவுண்டர்ல நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாததை இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஆனா எந்த வழியில போனவங்க சீக்கிரம் சரியானாங்க, எந்த வழியில போனவங்க ரெண்டு வருஷம் அலைஞ்சாங்கன்னு இந்தக் கண்ணால பாத்துருக்கேன்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றதுன்னு பாத்துக்குவோம்

எந்த வழின்னு கேக்குறதுக்கு முன்னாடி நாலு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க.

ஒண்ணு, இது என்னன்னு அந்த வழியில போனா தெரிய வருமா? சிவப்பா அரிக்கிற எல்லாமே படர்தாமரை இல்ல. பத்துப் பதினஞ்சு காரணம் இருக்கு, ஒண்ணுக்கு மருந்தா இருக்கறது இன்னொண்ணுக்கு விஷமாப் போயிரும்.

ரெண்டு, தப்பாப் போனா திரும்பி வர முடியுமா? உடம்புலயே மருந்தை அதிகமா உறிஞ்சுற தோல்ல விதைப்பைத் தோலும் ஒண்ணு. 1967-லயே இதை அளந்து பாத்துருக்காங்க, முன்கைத் தோல் ஒரு பங்கு ஸ்டீராய்டை (சிவப்பையும் அரிப்பையும் அமத்துற மருந்து) உள்ள இழுத்தா விதைப்பைத் தோல் 42 பங்கு இழுக்குதாம். அதனால கையில போட்டா ஒண்ணும் பண்ணாத கிரீம் அங்க போட்டா தோலையே கரைச்சுரும். மருந்தை மட்டும் இல்ல, தோட்டத்துல அடிக்கிற பூச்சிமருந்தையும் அந்தத் தோல் அதிகமா இழுக்கும்.

மூணு, உண்மையான செலவு என்ன? டியூப் விலை மட்டும் செலவு இல்லங்க. ஒரு நாள் கூலி போறது, சரியாகாம நாலு தடவை வாங்குறது, வீட்ல இருக்குற அஞ்சு பேருக்கும் ஒட்டுறது, ராத்திரி தூங்காம மறுநாள் காட்டுல தலை சுத்தி விழுறது எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும்.

நாலாவது வெட்கம். இதைச் சின்ன விஷயமா நான் நினைக்கல. வெட்கத்தாலதான் மூணு நாள்ல முடிய வேண்டியது மூணு மாசம் இழுக்குது, அதனால எந்த வழியில எவ்வளவு பேர்ட்ட சொல்ல வேண்டியிருக்கும்ங்கறதும் நியாயமான கேள்விதான்.

## இதெல்லாம் இருந்தா எந்த ஒப்பீடும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி

காய்ச்சல் இருக்கு, கூடவே தொடை இடுக்குலயோ உறுப்புலயோ சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்குன்னா அது உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். மலையாளத்துல செள்ளுப்பனிம்பாங்க. அந்தப் பொருக்கு பெருசா வலிக்காது, அரிக்காது, அதனாலயே ஆளு கவனிக்க மாட்டாங்க, டாக்டரும் துணியை விலக்கிப் பாக்கலைன்னா தெரியாது. காடு மேடு புல்லுன்னு சுத்துற நம்ம ஆளுக "இங்க ஒரு பொருக்கு இருக்கு சார்"னு வாயைத் திறந்து சொல்லிரணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாதிரி சாதாரண மாத்திரையிலயே சரியாகும், விட்டா நுரையீரல், கிட்னி வரைக்கும் போயிரும்.

அப்புறம் சுகர் இருக்குறவங்களுக்கு அந்த இடம் திடீர்னு வீங்கி, தாங்க முடியாத வலி, தோல் கருக்குது, காய்ச்சல் அடிக்குதுன்னா ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. முன்தோல் பின்னாடி போய் வீங்கி மாட்டிக்கிட்டாலும், ஒண்ணுக்குப் போக முடியாம அடைச்சாலும் அப்படித்தான். கொப்புளம் கொத்தா வந்து உடைஞ்சு புண்ணாயிருச்சுன்னா, கர்ப்பமா இருக்கீங்கன்னா, கைக்குழந்தைக்கு வந்துருக்குன்னா நீங்களா ஒண்ணும் போடாதீங்க.

## என்னவா இருக்கலாம், அடையாளம் என்ன

இந்தப் பகுதியைப் படிச்சுட்டு நீங்களே டாக்டர் ஆயிராதீங்க, எந்த வாசலுக்குப் போகணும்னு தெரிஞ்சுக்க மட்டும்தான்.

நம்ம பக்கம் அதிகம் வர்றது படர்தாமரைதான். குமுளி தாண்டிப் போயி கேட்டா புழுக்கடி, வட்டச்சொறின்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். தொடை இடுக்குல ஆரம்பிச்சு வட்டமா விரியும், ஓரம் தடிச்சு சிவப்பா செதில் செதிலா இருக்கும், நடுவுல தெளிஞ்ச மாதிரி தெரியும். பெரும்பாலும் விதைப்பையை விட்டுட்டு தொடையிலயும் புட்டத்துலயும் இடுப்புலயும்தான் ஏறும். ஆடி மழையில காலைல நனைஞ்ச ஜட்டி சாயங்காலம் வரைக்கும் உடம்புலயே காயுறவங்களுக்கு இது வராம இருந்தாத்தான் ஆச்சரியம். காலு விரல் இடுக்குல சேத்துப்புண் இருந்தா அங்க இருந்தே மேல வரும், அதனால காலுக்கும் சேத்து மருந்து போடலைன்னா இது போகாது.

ஈஸ்ட் பூஞ்சை வேற மாதிரி. நல்ல ரத்தச் சிவப்பா ஈரமா இருக்கும், சுத்தி குட்டிக் குட்டிப் புள்ளியா தெறிச்ச மாதிரி இருக்கும், விதைப்பையையும் விடாது. ஆம்பளைகளுக்கு உறுப்பு நுனி மொட்டுல சிவப்புப் புள்ளியும் எரிச்சலும் வரும், பொம்பளைகளுக்கு தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளைப்படும். இது திரும்பத் திரும்ப வருதுன்னா முதல்ல சுகர் பாருங்க. சுகர்னே தெரியாம கிரீம் மேல கிரீமா வாங்குனவருக்கு "அண்ணே ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்க"ன்னு சொல்லி, போயி பாத்தா முந்நூத்துச் சொச்சம் இருந்துச்சு. இன்னொண்ணு, சுகருக்குக் குடுக்குற டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைக சர்க்கரையை ஒண்ணுக்குல வெளியேத்தும், அதனாலயே அந்த இடத்துல பூஞ்சை வரும். மாத்திரையை நீங்களா நிறுத்திறாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்ட்ட சொல்லுங்க.

சொறி சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ். ராத்திரிதான் உயிரை எடுக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுத்தி, இடுப்பு, ஆம்பளைகளுக்கு உறுப்புலயும் விதைப்பையிலயும் பட்டாணி அளவுக்குக் கட்டிக் கட்டியா. வீட்ல இன்னொருத்தரும் சொறியுறாங்கன்னா முக்காவாசி இதுதான். எஸ்டேட் லயத்துல ஒரே ரூம்ல ஏழெட்டுப் பேரு படுத்தா ஒருத்தருக்கு வந்தது எல்லாருக்கும் வரும், முதல் தடவைன்னா ஒட்டி நாலு ஆறு வாரம் கழிச்சுத்தான் அரிக்கவே ஆரம்பிக்கும், அதுக்குள்ள ஊருக்கும் வந்து சேர்ந்துரும்.

மாத்திரை ஒவ்வாமையை யாரும் நினைச்சே பாக்க மாட்டாங்க. மேலு வலிக்குதுன்னு ஒரு வலி மாத்திரை போடுறோம், சில மணி நேரத்துல உறுப்பு மேல வட்டமா சிவந்து எரியுது, சில நேரம் கொப்புளமாகுது, ஆறிட்டு ஒரு கருப்புத் தடம் நிக்குது. மறுபடி அந்த மாத்திரை போட்டா அதே இடத்துல, அதே வட்டம். வலி மாத்திரை மட்டும் இல்ல, சல்ஃபா, மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் வகையிலயும் வரும். இதைப் பால்வினை நோய்னு நினைச்சு பொண்டாட்டி மேல சந்தேகப்பட்டு வீட்டுல ரணகளம் ஆனது எனக்குத் தெரியும். காரணம் ஒரே ஒரு மாத்திரை.

இன்னும் இருக்கு. ஷேவ் பண்ணி முடி வேர்ல வர்ற பருவு. புது சோப்பு, முடி எடுக்குற கிரீம், நாப்கின், ஆணுறை ரப்பர், மருந்தடிச்ச துணியோடயே திரிஞ்சதுன்னு வர்ற ஒவ்வாமை. அட்டை கடிச்ச இடம் நாலஞ்சு நாளைக்கு ஊறும், அது தொடை இடுக்கு வரைக்கும் ஏறும்னு காட்டுக்குப் போறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முடியில பேன். சொரியாசிஸ் மாதிரி நாள்பட்ட தோல் நோய்.

பால்வினை நோய்ல ஹெர்பிஸ் கொத்துக் கொப்புளமா எரிச்சலோட வரும். சிபிலிஸ் புண்ணு பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, தானா ஆறியும் போகும், ஆறுனது சரியானதுன்னு அர்த்தம் இல்ல. ஒண்ணும் பண்ணாத புள்ளிகளும் இருக்கு, வயசானவங்களுக்கு விதைப்பையில குண்டூசித் தலை மாதிரி கருஞ்சிவப்புப் புள்ளி, மொட்டு ஓரத்துல வரிசையா முத்து மாதிரி. அரிக்காது, ஒட்டாது, மருந்தே வேணாம், அதுக்குப் போயி ஒண்ணைத் தேச்சுப் புண்ணாக்கிட்டு வர்றவங்கதான் அதிகம்.

## அவசரத்துல பாக்குறவங்களுக்கு ஒரு அட்டவணை

| வழி | என்னன்னு தெரியுமா | தப்பானா | காசு, நாள் | கூச்சம் |
|---|---|---|---|---|
| ஒரு வாரம் சும்மா பராமரிப்பு | தெரியாது | சேதம் இல்ல | செலவே இல்ல | யார்ட்டயும் சொல்ல வேணாம் |
| வீட்டு மருந்து | தெரியாது | எரிச்சல், புண்ணு | கம்மி | இல்ல |
| மெடிக்கல், வெறும் பூஞ்சை கிரீம் | அரைகுறை | பெருசா இல்ல | கம்மி | ஒருத்தர்ட்ட |
| மெடிக்கல், கலப்பு கிரீம் (ஸ்டீராய்டு சேந்தது) | மறைச்சுரும் | ரொம்ப | முதல்ல கம்மி, பின்னாடி நிறைய | ஒருத்தர்ட்ட |
| ஜிஹெச் தோல் ஓபி | தெரியும் | கம்மி | மருந்து இலவசம், ஒரு நாள் கூலி போகும் | கூட்டம் |
| தனியார் தோல் டாக்டர் | தெரியும் | கம்மி | ஃபீஸ், மருந்து | கம்மி |
| சுகவாழ்வு மையம் (பால்வினை நோய்க்கான அரசு மையம்) | தெரியும் | கம்மி | இலவசம் | உள்ள போறதுக்குத்தான் |

## ஒண்ணு: ஒரு வாரம் எந்த மருந்தும் இல்லாம பராமரிப்பு

யாரும் இதை ஒரு வழியாவே எடுத்துக்கறதில்ல, ஆனா நேத்து முந்தாநாள் ஆரம்பிச்ச லேசான அரிப்பு, புண்ணு இல்ல, காய்ச்சல் இல்லன்னா இதுதான் முதல் வழி. வேர்வை, உரசல், சோப்பு, ஷேவிங்னால வந்தது இதுலயே அடங்கிரும்.

காட்டுல இருந்து வந்ததும் நனைஞ்ச துணியை மாத்துங்க, மாத்து ஜட்டி ஒண்ணு பிளாஸ்டிக் கவர்ல கட்டி மதியத்துக்கே எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது. குளிச்சுட்டு அந்த இடத்தைத் தேய்க்காம ஒத்தி ஒத்தித் துடைங்க, ஈரத்தோட துணி போடாதீங்க. துண்டு தனி. பருத்தி ஜட்டி, தொளதொளன்னு, ராத்திரி கைலி மட்டும் போதும். துணியை வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காயப் போடுங்க, மழைக்காலத்துல வெயில் கிடைக்கலைன்னா உள்பக்கமா அயர்ன் பண்ணுங்க. சேத்துப்புண் இருந்தா முதல்ல சாக்ஸ் போடுங்க, அப்புறம் ஜட்டி, இல்லைன்னா கால் பூஞ்சை ஜட்டி வழியா மேல ஏறும்.

அரைஞாண் கயிறை மறந்துறாதீங்க. வருஷக்கணக்கா இடுப்புலயே கிடக்குற நூல் கயிறு ஈரத்தை விடாது, பூஞ்சையும் அதுலயே உக்காந்துக்கும், மருந்து போட்டு சரியானதும் அங்க இருந்து திரும்ப ஆரம்பிக்கும். கழட்ட மனசு வராது, எனக்குத் தெரியும், எங்கம்மா கட்டி விட்டது எனக்கும் இருந்துச்சு. வெட்டிப் போட்டுட்டு எல்லாம் சரியான பிறகு புதுசு கட்டிக்கங்க, இல்ல வெள்ளியில போட்டு தினமும் கழுவுங்க.

ஏழு நாள்ல குறையலைன்னா இந்த வழியை விட்டுருங்க. பரவுதுன்னா ஏழு நாள் கூட வேணாம்.

## ரெண்டு: வீட்டு மருந்து, நாட்டு மருந்து

வேப்பிலையை நான் குறை சொல்ல மாட்டேன், ஆத்தா கொழுந்து அரைச்சுத்தான் நம்மளை வளத்தா. சீமை அகத்தி இலையைப் படர்தாமரைக்கு சித்த மருத்துவத்துல ரொம்ப நாளா பயன்படுத்துறாங்க, களிம்பாவும் கிடைக்குது. ஆனா காலுல போட்டது வேற, அந்த இடம் வேற. இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைச்சுத் தொடை இடுக்குல பூசிட்டு மறுநாள் நடக்க முடியாம காலை அகட்டி அகட்டி வந்த ஆளுகளுக்கு எரிச்சல் ஆத்துற மருந்து எடுத்துக் குடுத்துருக்கேன். பூண்டு, உப்பு, சுண்ணாம்பு, வினிகர், பெட்ரோல் எதுவும் அங்க வேணாம். சேங்கொட்டைப் பால் பட்டா தோலே வெந்துரும். டெட்டால் ஊத்திக் கழுவுறதும் இதே கணக்குதான், நோயும் போகாது, தோலும் வெந்து அதுவே புதுசா ஒரு அரிப்பாயிரும்.

தேங்காய் எண்ணெய் சுத்தமானதா இருந்தா வறண்டு உரசுற இடத்துக்கு நல்லது, ஈரமா இருக்குற பூஞ்சைக்கு அது வேணாம்.

சித்த மருந்துதான் வேணும்னு நம்புறவங்க தாராளமாப் போங்க, அரசு ஆஸ்பத்திரியிலயே சித்தா பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் பாத்துக் குடுப்பாரு. பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நோட்டீஸ் ஒட்டி, மாசம் ஒரு நாள் லாட்ஜுல ரூம் போட்டு "மேகம், வெட்டை, நரம்புத் தளர்ச்சி"ன்னு பேசுறவங்கட்ட மட்டும் போகாதீங்க. சாதாரண படர்தாமரையை வச்சு ஆண்மையே போயிரும்னு பயமுறுத்தி, லேகியத்துக்கு ஒரு மாசக் கூலியை வாங்கிருவாங்க. வெளிய சொல்ல வெட்கப்பட்டு யாரும் புகார் குடுக்குறதும் இல்ல. அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

## மூணு: மெடிக்கல்ல கேட்டு வாங்குறது

இங்கதான் நான் நிறைய சொல்லணும், ஏன்னா இது நான் நிக்கிற இடம்.

மருந்துக்கடையில ரெண்டு வகை டியூப் இருக்கு, வெளிய பாத்தா ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு வெறும் பூஞ்சை மருந்து, க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் மாதிரி ஒரே பேருதான் போட்டிருக்கும். இன்னொண்ணு கலப்பு, பூஞ்சைக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூடவே ஒரு ஸ்டீராய்டு. டியூப்ல சின்ன எழுத்துல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இதுல எதாச்சும் இருந்தா அது ஸ்டீராய்டு. இங்கிலீஷ் படிக்க வராதுன்னா கடையில "இதுல ஸ்டீராய்டு இருக்கா அண்ணே"ன்னு நேராக் கேளுங்க, கேட்டா பொய் சொல்றவங்க கம்மி, கேக்காததுனாலதான் குடுக்குறாங்க.

கலப்பு கிரீம் ஏன் இவ்வளவு ஓடுது? போட்ட ரெண்டாவது நாள் அரிப்பு நின்னுரும். சிவப்பு மங்கிரும். ஆளு "சூப்பர் மருந்து"ன்னு நாலு பேருக்குச் சொல்லிருவாரு. உள்ள பூஞ்சை சாகல, உடம்பு அதை எதுத்து நிக்கிற சண்டையைத்தான் ஸ்டீராய்டு அமத்திருச்சு. நிறுத்துனதும் பத்து நாள்ல முன்னைவிட பெருசா வரும், வட்டம் வட்டத்துக்குள்ள வட்டமா வரும், பாத்தா படர்தாமரை மாதிரியே இருக்காது, டாக்டருக்கே குழம்பிரும். மறுபடி அதே டியூப். இப்படியே ஒரு வருஷம்.

ஒரு பையன், இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், காட்டுல மருந்தடிக்கிற வேலை. ஒன்றரை வருஷமா மூணு கடையில மாத்தி மாத்தி இதே கிரீமை வாங்கிருக்கான், அதுல ஒரு கடை நான் அப்ப நின்ன கடை. ஒரு நாள் கடை சாத்துற நேரத்துல வந்து கைலியை கொஞ்சம் விலக்கிக் காட்டுனான். உள் தொடையில ரெண்டு பக்கமும் விரல் அகலத்துக்குச் சிவப்பும் ஊதாவுமா வரி வரியா, மாசமா இருக்குற பொம்பளைக்கு வயித்துல விழுமே அது மாதிரி, தொட்டா பள்ளம் தெரியுது. "இது போயிருமா அண்ணே, எனக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்காங்க"ன்னான். நிறம் வேணா மங்கும், வரி போகாதுப்பா. அதை அவன்ட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நாங்க வித்ததுதானே.

விதைப்பையில தொடர்ந்து போட்டா தோல் செக்கச்செவேல்னு ஆகி, துணி பட்டாலே எரியும், கிரீம் இல்லாம இருக்கவே முடியாத நிலைமைக்கு வந்துருவாங்க. 2018-ல அரசாங்கம் 14 ஸ்டீராய்டு கிரீமை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கற பட்டியலுக்குள்ள கொண்டு வந்துச்சு, அதே வருஷம் தடை பண்ண 328 கலப்பு மருந்துல இந்த மாதிரி தோல் கிரீம்களும் இருந்துச்சு. இருந்தும் கடைத்தெருவுல கிடைக்குது. நம்ம நாட்டுல படர்தாமரை பழைய மருந்துக்கு அடங்காம போனதுக்கு இந்தக் கிரீம்களும் ஒரு காரணம்னு தோல் டாக்டர்கள் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க, டெர்பினாஃபின் மாத்திரைக்கே மசியாத புது பூஞ்சை வகை ஒண்ணுக்கு நம்ம நாட்டுப் பேரையே சேத்து வச்சுருக்காங்க.

அப்ப மெடிக்கல் வழியே வேணாமா? அப்படி இல்ல. புதுசா வந்தது, உள்ளங்கை அளவுக்குள்ள இருக்கு, ஓரம் தடிச்ச வட்டம், சுகர் இல்ல, கர்ப்பம் இல்ல, இதுவரைக்கும் எதுவும் போடலைன்னா வெறும் க்ளோட்ரிமசோல் கிரீம் வாங்கலாம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, சிவப்பைத் தாண்டி ரெண்டு விரக்கடை வெளிய வரைக்கும் மெல்லிசாத் தடவுங்க. அரிப்பு நின்னதும் நிறுத்தாதீங்க, தோல் முழுசாத் தெளிஞ்ச பிறகும் ரெண்டு வாரம். ராத்திரி அரிப்புக்கு செட்ரிசின் ஒண்ணு போடலாம், தூக்கம் வரும், வண்டி ஓட்டுறவங்க பாத்துக்கங்க. ரெண்டு வாரத்துல பாதி கூட குறையலைன்னா இன்னொரு டியூப் வாங்காதீங்க, அந்த இடத்துல நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க.

ஸ்கேபிஸ்க்கு பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். இதுல தோக்குறது மருந்து இல்ல, போடுற விதம். அரிக்கிற இடத்துல மட்டும் தடவக் கூடாது, கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், நகத்தடி, தொப்புள், உறுப்பு, புட்டம் எல்லா இடமும், ராத்திரி பூசி காலைல குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. வீட்ல இருக்குற எல்லாரும், அரிக்காதவங்களும், ஒரே ராத்திரியில. பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு டியூப்னு கணக்கு வரும், நாலு பேருக்கு ஒரே டியூப் வாங்கிப் பிசுக்கிப் பிசுக்கிப் போட்டா நாலு பேருக்கும் போகாது. துணி, போர்வை வெந்நீர்ல, முடியாததை மூட்டையாக் கட்டி நாலு நாள் தொடாம வச்சுருங்க. பூச்சி செத்த பிறகும் ரெண்டு மூணு வாரம் அரிக்கும், பயந்துக்கிட்டு தினமும் பூசாதீங்க.

## நாலு: அரசு ஆஸ்பத்திரி

கிட்ட இருக்குற ஆரம்ப சுகாதார நிலையம், கம்பம் ஜிஹெச், பெரிய அளவுல வேணும்னா தேனி மெடிக்கல் காலேஜ், க.விலக்குல இருக்கு. தோலுக்குன்னு தனி ஓபி, செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல வச்சு பூஞ்சை இருக்கா இல்லையான்னு பாக்குறது, சுகர் டெஸ்ட், தேவைப்பட்டா சதை எடுத்துப் பாக்குறது, எல்லாமே காசு இல்லாம. படர்தாமரை உடம்பு முழுக்கப் போயிருச்சுன்னா வாரக்கணக்குல மாத்திரை சாப்பிடணும், அதைத் தனியா வாங்குனா தாங்காது. குடும்பமே ஸ்கேபிஸ்ல அவதிப்படுதுன்னா எல்லாரும் சேந்தே போயிருங்க, ஒரே நாள்ல முடியும்.

மறைஞ்சுருக்குற செலவு நாள் கூலிதான். கம்பத்துல இருந்து க.விலக்கு போயி வர, ஓபி சீட்டு, வரிசை, மருந்து வரிசைன்னு ஒரு நாள் போயிரும், மறுபடி வரச் சொல்லுவாங்க. மருந்து இருப்பு இல்லைன்னா வெளிய வாங்கச் சொல்லி எழுதிக் குடுப்பாங்க. இன்னொண்ணு ஓபி ரூம்ல நாலு பேரு நிப்பாங்க, அங்க கைலியை அவுக்கணுமான்னு பயம். திரை இருக்கும், "சார், திரைக்குள்ள காட்டுறேன்"னு சொல்லலாம். பொம்பளைங்க லேடி டாக்டர் வேணும்னு கேக்கலாம், இல்ல கூட ஒரு நர்ஸ் இருக்கணும்னு கேக்கலாம், தப்பே இல்ல.

லயத்துல தங்கி வேலை பாக்குறவங்க இதுக்காகக் கீழ இறங்கி வரணும்னு இல்ல, அங்கயே கேரளா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். "தொடை இடுக்குல சொறிச்சில்"னு சொன்னாலே புரிஞ்சுக்குவாங்க, இடுக்கிப் பக்கம் நிறைய பேருக்குத் தமிழும் வரும். ரெண்டு பக்கமும் காட்டுனா மட்டும் ரெண்டு சீட்டையும் ரெண்டு பேருக்கும் காட்டுங்க, இங்க ஒரு மாத்திரை அங்க அதே மாத்திரை வேற பேருல சாப்பிட்டவங்க இருக்காங்க.

## அஞ்சு: தனியார் தோல் டாக்டர்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் பாப்பாங்க, கூலி போகாது, தனி ரூம். ஃபீஸ் குடுத்தாலும் ஒரு நாள் கூலியோட ஒப்பிட்டா சில நேரம் இதுவே லாபம். மறைஞ்ச செலவு எங்கன்னா கிரீம், சோப்பு, பவுடர், லோஷன், மாத்திரைன்னு அஞ்சு எழுதும்போது. "சார், இதுல கட்டாயம் எது, எது வேணாம்னாலும் பரவாயில்ல"ன்னு கேளுங்க, நல்ல டாக்டர் அடிச்சுக் குடுப்பாரு. மாத்திரையை மக்கள் மருந்தகத்துல பொதுப் பேருல கேட்டா விலை குறையும்.

போர்டுல எம்.டி. டி.வி.எல். இல்லைன்னா டி.டி.வி.எல்.னு இருக்கான்னு பாத்துட்டு உள்ள போங்க, "ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்"னு மட்டும் எழுதி டிகிரியே போடாதவங்க இருக்காங்க. ஏற்கெனவே கலப்பு கிரீம் மாசக்கணக்கா போட்டவங்க, ஆறு வாரம் தாண்டியும் மாறாத சிவப்புத் திட்டு இருக்குறவங்க, அம்பது வயசுக்கு மேல மொட்டுல ஆறாத சிவப்பு இருக்குறவங்க, இவங்க மூணு பேரும் முதல்லயே தோல் டாக்டர்ட்ட போறதுதான் சரி. அது அரசா தனியாரான்னு உங்க வசதி. ரெண்டும் இல்லாம போன்லயே பாக்கணும்னா இ-சஞ்சீவனி இலவசம்தான், ஆனா இந்த இடத்துக்குப் போட்டோவை வச்சு முடிவு சொல்றது கஷ்டம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேக்க அது உதவும். அந்த மாதிரி போட்டோவை தெரியாத நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பவே அனுப்பாதீங்க.

## ஆறு: சுகவாழ்வு மையம்

புது ஆளோட உறவு வச்ச பிறகு வந்ததுன்னா, புண்ணோ கொப்புளமோ சீழோ இருந்தா, துணைக்கும் அதே மாதிரி இருந்தா நேரா இங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கு, கேரளாவுல இதுக்குப் புலரின்னு பேரு. டெஸ்ட், மருந்து, பேசி விளக்குற ஆள் எல்லாம் இலவசம், சொன்னது வெளிய போகாது. நம்பிக்கை மையத்துல எச்.ஐ.வி. டெஸ்டும் எடுத்துருவாங்க. அன்னைக்கே இல்லைன்னு வந்தாலும் மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும். ஆளைப் பாத்துப் பேச தயக்கமா இருந்தா 1097-க்கு முதல்ல போன் பண்ணுங்க, இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம்.

ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டு பிரயோஜனம் இல்ல, துணையையும் கூட்டிட்டுப் போகணும். அதுதான் இந்த வழியோட பெரிய விலை, வீட்ல பேச வேண்டியிருக்கும். ஆனா அரிப்பு வந்ததெல்லாம் தப்பு பண்ணதுனாலன்னு எடுத்துக்காதீங்க, மேல சொன்ன காரணத்துல முக்காவாசி யாரோடயும் படுக்காமலே வர்றது. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டிக்குள்ள தீர்ப்பு எழுத வேணாம்.

## போறதுக்கு முந்தின நாள்

எந்த வாசலுக்குப் போனாலும் இதுவரைக்கும் போட்ட டியூப், பிதுக்கி எறிஞ்சது வீட்ல எங்க கிடந்தாலும் தேடி, சாப்பிட்ட மாத்திரை அட்டை, சுகர் மாத்திரை, வலி மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. காலைல கிரீம் பவுடர் எதுவும் போடாம போங்க, அப்பத்தான் செதில் சுரண்டிப் பாக்க முடியும். ஷேவ் பண்ண வேணாம். கிரீமைப் பத்திக் கேட்டா மறைக்காதீங்க, யாரும் திட்ட மாட்டாங்க.

சொல்லத் தெரியலைன்னா இப்படிச் சொல்லுங்க: "டாக்டர், தொடை இடுக்குலயும் உறுப்புலயும் அரிப்பு, இத்தனை நாளா இருக்கு, ராத்திரி அதிகமா இருக்கு இல்ல பகல்ல அதிகமா இருக்கு, வீட்ல இன்னாருக்கும் இருக்கு, இந்த டியூப் போட்டேன்." தொடையில வரி விழுந்த அந்தப் பையனுக்கும் இதைத்தான் சீட்டுல எழுதிக் குடுத்தேன், அதை அப்படியே டாக்டர் டேபிள்ல வச்சுட்டானாம், வாயே திறக்கலையாம். படர்தாமரை நாலு மாசத்துல போயிருச்சு.